முதுகைக் கொடுத்துக் கேட்ட இசை

மேடையில் முதல் குழு தன் கடைசிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது. அடுத்து வாசிக்கப்போகும் லைட்னிங் போல்ட் என்ற இருவர் குழுவுக்காகத்தான் எங்களில் பெரும்பாலோர் வந்திருந்தோம். எல்லோர் கண்ணும் மேடைமேலேயே இருந்தது. எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. அதனால் அறையின் பின்சுவரை ஒட்டி நின்றேன். பக்கத்தில் தரையில் ஏதோ சாமான்கள் குவிந்திருந்தன. அந்த மூலையில் வெளிச்சம் இல்லை. முந்தைய குழுவின் கடைசிச் சுருதி அடங்குவதற்குள் அந்தக் குவியலிலிருந்து இடி இறங்கியது.

டிரம்ஸுக்குப் பின்னால் ஒருவர் எப்போது வந்து உட்கார்ந்தார், பேஸ் என்ற கனத்த ஒலிக் கிதாரை இன்னொருவர் எப்போது மாட்டிக்கொண்டார், எதையும் நான் பார்க்கவில்லை. முதலில் கால் வழியாகத் தரை அதிர்ந்தது. அப்புறம்தான் காது விழித்தது. மேடையைப் பார்த்து நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கடைசி வரிசையில் இருந்த நான் ஒரு நொடியில் முதல் வரிசைக்கு வந்துவிட்டேன்.

திரும்பிய கூட்டம் நகர்ந்தது. நகர்ந்த கூட்டம் நெருக்கியது. எனக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளிதான் இருந்தது. அதுவும் குறைந்துகொண்டே வந்தது. சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டு ஒன்று என் தாடைக்கு நேராக ஆடியது. அதைத் தாங்கிய ஸ்டாண்ட் சாயத் தொடங்கியபோது, பக்கத்தில் நின்ற உயரமான ஓர் ஆள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்த ஸ்டாண்டின் தண்டில் என் கையை வைத்தார். பேசினால் கேட்காது. தன் முதுகைத் தட்டிக் காட்டினார். கூட்டத்தைக் காட்டினார். கால்களை அகட்டி ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்ந்தார். புரிந்தது. நானும் அப்படியே சாய்ந்தேன். எங்கள் இருவர் முதுகிலும் அந்த அறை முழுவதும் வந்து சாய்ந்தது.

ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படி நின்றிருப்பேன். கண்ணுக்கு முன்னால் இரண்டு குச்சிகள், முகமூடி அணிந்த ஒரு தலை. கையில் நடுங்கும் இரும்பு. முதுகில் முகம் தெரியாத ஐம்பது பேரின் எடை. இத்தனை வருடம் கழித்தும், இசை என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது அந்த இரும்புத் தண்டின் நடுக்கம்தான்.

லைட்னிங் போல்ட் என்பது அந்த இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். இருவருக்குமே முதல் பெயர் பிரையன். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுபவர் பிரையன் சிப்பெண்டேல். பேஸ் கிதார் வாசிப்பவர் பிரையன் கிப்சன். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் தலைநகர் ப்ராவிடென்ஸில், ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற ஓவிய, வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கும்போது 1994இல் தொடங்கினார்கள். தொடக்கத்தில் ஹிஷாம் பரூச்சா என்ற மூன்றாமவர் பாடினார். சில காலத்தில் அவர் விலகினார். பிறகு பிளாக் டைஸ் என்ற இன்னொரு இரைச்சல் குழுவில் வாசித்தார். அவர் போனபின் மூன்றாவது ஆளைத் தேடாமல் இருவராகவே தொடர்ந்தார்கள். அன்றிலிருந்து இருவர்தான்.

இவர்கள் வாசிப்பதை நாய்ஸ் ராக் என்பார்கள். எழுபதுகளின் இறுதியில் நியூயார்க்கில் பாட்டுக்கும் கூச்சலுக்கும் நடுவே இருந்த வேலியைப் பிடுங்கி எறிந்த சிலரிடமிருந்து கிளம்பிய மரபு அது. எண்பதுகளில் சோனிக் யூத், ஸ்வான்ஸ், பிக் பிளாக் போன்ற குழுக்கள் அதை வளர்த்தன. சாதாரண ராக் இசையில் ஒலிப்பதிவாளர் துடைத்து எறியும் கரகரப்பு, ஊளை, உலோகச் சிதறல் எல்லாவற்றையும் இவர்கள் இசையின் உடம்பாகவே வைத்துக்கொண்டார்கள். பேஸும் டிரம்ஸும் மட்டுமே கொண்ட இருவர் குழுவும் இவர்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானில் தட்சுயா யோஷிதா 1985இல் தொடங்கிய ரூயின்ஸ் குழு அதே இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு சிக்கலான தாளங்களில் புகுந்து விளையாடியது. அந்த வழியில் வந்தவர்கள்தான் இவர்களும். ஆனால் ரூயின்ஸைக் கேட்கும்போது கணக்குப் பார்க்கத் தோன்றும். லைட்னிங் போல்டைக் கேட்கும்போது எதையாவது பற்றிக்கொள்ளத் தோன்றும்.

அப்படித் தோன்றுவதற்கு ஒரு கட்டடம் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ப்ராவிடென்ஸும் அதன் சுற்று வட்டாரமும் ஒரு காலத்தில் துணி ஆலைகளின் ஊர்கள். அமெரிக்காவில் தண்ணீர் விசையால் பருத்தி நூற்ற முதல் வெற்றிகரமான ஆலை, பக்கத்து ஊரான பாடக்கெட்டில் 1793இல் கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கே போயின. பெரிய செங்கல் கட்டடங்கள் மட்டும் ஆற்றோரங்களில் காலியாக நின்றன. ஓல்னிவில் என்ற பகுதியில் அப்படி நின்ற பழைய ஆலையின் இரண்டாம் தளத்தை 1995இல் சிப்பெண்டேலும் மேட் பிரிங்க்மன் என்ற ஓவியரும் இன்னும் சில நண்பர்களும் வாடகைக்குப் பிடித்தார்கள். அதற்கு ஃபோர்ட் தண்டர் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இடத்தின் புகைப்படங்களை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். சுவரில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக இராது. குப்பையில் கிடைத்த பொம்மைகள், உடைந்த சைக்கிள்கள், துணிக்கிழிசல்கள், காமிக்ஸ் பக்கங்கள், பட்டுத்திரை அச்சில் அடித்த சுவரொட்டிகள் என்று தரை முதல் கூரை வரை ஒட்டியும் தொங்கவிட்டும் வைத்திருந்தார்கள். அங்கேயே தூங்கினார்கள், அங்கேயே படம் வரைந்தார்கள், அங்கேயே அச்சடித்தார்கள், அங்கேயே வாசித்தார்கள். வேஷம் கட்டிக்கொண்டு மல்யுத்தப் போட்டிகள்கூட நடத்தினார்கள். நகரில் ஒரு கச்சேரி நடக்கிறது என்றால் அதற்கு ஒரு சுவரொட்டி வேண்டும். அதை அச்சடிக்கும் கையும் டிரம்ஸ் வாசிக்கும் கையும் ஒன்றாகவே இருந்தன. அந்தச் சுவரொட்டிகளில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெரிசலாக நிற்கும். எழுத்தைத் தேடித்தான் படிக்க வேண்டும். லைட்னிங் போல்டின் இசையும் அந்தச் சுவர் மாதிரிதான். முதலில் எல்லாம் ஒரே அடைசல். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

ஆட்கள் வாழும் அறையில் எதற்கு மேடை? வாசிப்பவர் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார், கேட்பவர் சுற்றி நிற்கிறார். கூத்துக்களத்தில் ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே மண்ணில் நிற்பதை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ராக் இசை அதற்குள் உயர்ந்த மேடை, கண்ணைப் பறிக்கும் விளக்கு, நடுவில் இரும்புத் தடுப்பு என்று பழகிப்போயிருந்தது. இவர்கள் ஃபோர்ட் தண்டரின் தரையைத் தங்களோடு ஊர் ஊராக எடுத்துப்போனார்கள். மேடை இருந்தாலும் ஏறவில்லை. முந்தைய குழு வாசிக்கும்போதே ஒரு மூலையில் தங்கள் கருவிகளை அடுக்கிவிடுவார்கள். அவர்கள் நிறுத்திய மறுகணம் இவர்கள் தொடங்குவார்கள். எனக்கு நேர்ந்ததும் அதுதான். அன்றைக்கு அது அவர்களுடைய வழக்கம் என்பது எனக்குத் தெரியாது.

இதை வெறும் குறும்பாக நான் பார்க்கவில்லை. மேடையில் வாசித்தால் முதல் வரிசைக்காரருக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. தரையில் வாசித்தால் முதல் வரிசைக்காரர்தான் மேடை, அவரேதான் தடுப்பு. அவர் முதுகைக் கொடுக்காவிட்டால் டிரம்ஸ் சரிந்துவிடும், பாட்டு நின்றுவிடும். லைட்னிங் போல்டின் கச்சேரிகளைக் காட்டுத்தனம், வெறி, சூறாவளி என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சூறாவளியின் விளிம்பில் சில பேர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிம்பலை விழாமல் பிடித்திருப்பார்கள். அவர்களை யாரும் நியமிப்பதில்லை. எனக்கு அந்த இசையின் மையமே அவர்கள்தான்.

கருவிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

வழக்கமான பேஸ் கிதாரின் கம்பிகள் நான்கு நான்கு சுரமாக ஏறும். கிப்சன் தன் கருவியை, வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோ மாதிரி ஐந்து ஐந்தாகச் சுருதி சேர்த்தார். நமக்குப் புரியும்படி சொன்னால், ஒரு கம்பி ஸ என்றால் அடுத்த கம்பி ப. தம்புராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஸ–ப உறவு எவ்வளவு உறுதியானது என்று விளக்கவேண்டியதில்லை. ஸவும் பவும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் அதிர்கின்றன. ஒலியைப் பெடல் என்ற, காலால் இயக்கும் மின்கருவியால் கசக்கிச் சிதைக்கும்போது, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் தங்களுக்குள் மோதிப் புதிய சுரங்களை உண்டாக்கும். காந்தாரம் மாதிரி இடைவெளிகளை அப்படிக் கசக்கினால் சேறாகிவிடும். ஸ–ப மட்டும் கலங்காது. மூன்றிலிருந்து இரண்டு போனால் ஒன்று. அதாவது அந்த மோதலில் பிறக்கும் சுரம், அதே ஸவின் கீழ் ஸ்தாயி. இரண்டு கம்பிகளைத் தொட்டால் மூன்றாவதாக ஒரு பூதம் அடியிலிருந்து எழுந்து நிற்கும். கம்பிகள் ஐந்து ஐந்தாக இருப்பதால் ஒரே விரலைக் குறுக்கே அழுத்தினால் போதும், அந்த ஸ–ப கிடைத்துவிடும். அந்த வேகத்தில் அப்படி வாசிக்க முடிவதற்கு இந்தச் சுருதி ஏற்பாடு ஒரு காரணம்.

மேல் கம்பிக்கு அவர் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியின் மெல்லிய கம்பியைப் போட்டார். அதனால் அடியில் இடி, மேலே கிதார் மாதிரி ஒரு கீச்சு, இரண்டும் ஒரே கருவியில் கிடைத்தன. சுருதியை ஒரு ஸ்தாயி தூக்கியும் இறக்கியும் தரும் பெடல் வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நான்கு பேர் வாசிப்பதாகத் தோன்றும். திறந்தால், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு முன்னால் ஒரே ஒருவர் கிட்டத்தட்ட அசையாமல் நின்று விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் வெறியைத் தேடினால் கிடைக்காது. கடிகாரம் பழுதுபார்ப்பவரின் முகம் அது.

சிப்பெண்டேல் நேர் எதிர். அவர் உடம்பில் அசையாத இடம் கிடையாது. ஸ்நேர் டிரம்மை ஒவ்வொரு அடியாகப் பிரித்துக் கேட்கவே முடியாது, அது ஓர் உருளும் ஓசை. கூரைமேல் மழை பெய்யும்போது தனித்தனித் துளி கேட்கிறதா என்ன? அப்படித்தான். ஆனால் அந்த மழைக்கு நடுவே கால் டிரம் வந்து வந்து சரியான இடத்தில் ஆணி அடித்துவிட்டுப் போகும். கைகள் எங்கே பறந்தாலும் கால் தப்பாது. கோயில் வீதியில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். காது கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிடும்.

இந்த வாசிப்புக்கு நடுவில் அவர் பாடவும் வேண்டும். மைக் ஸ்டாண்ட் வைத்தால் குச்சி பட்டுப் பறந்துவிடும், இல்லாவிட்டால் கூட்டம் தட்டிவிடும். ஆகவே பழைய தொலைபேசி ரிசீவரிலிருந்து மைக்கைக் கழற்றி எடுத்தார். தொடக்கத்தில் அதை வாயிலேயே கவ்விக்கொண்டு பாடினார். பிறகு கலர் கலரான துணிகளைத் தைத்து ஒரு முகமூடி செய்து, வாய்க்கு நேராக அதைப் பொருத்திக்கொண்டார். தொலைபேசி பேச்சுக்காக ஏற்பட்டது. நொடிக்கு ஏறக்குறைய 300 முதல் 3,400 அதிர்வுகள் வரைதான் அதன் உலகம். அதற்கு மேலும் கீழும் உள்ளது எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். அந்த வெட்டுப்பட்ட குரலை எதிரொலிக் கருவியில் விட்டுப் பெரிதாக்கும்போது, நெடுந்தொலைவிலிருந்து யாரோ அவசரமாக எதையோ சொல்ல முயல்வதுபோல் இருக்கும். வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடாது. வெகு நாள் அந்தக் குரலில் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு தாளக் கருவிதான் என்று பிறகுதான் புரிந்தது.

முகமூடி அவர்களுடைய அடையாளமாகிவிட்டது. பலர் அதை நாடக வேஷம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு கஷ்டத்துக்குக் கண்டுபிடித்த விடை. இரண்டு கையும் காலும் வேலையாக இருக்கும் ஒரு மனிதர் பாடுவதற்குக் கண்ட வழி. இவர்களைப் பற்றிய எல்லாவற்றையும் இப்படி அவிழ்த்துப் பார்க்கலாம் என்பதுதான் என்னை இவர்களிடம் கட்டிப்போட்டது. தரையில் வாசிப்பது, கம்பியை மாற்றுவது, தொலைபேசியைப் பிரிப்பது எல்லாமே கையில் உள்ளதை வைத்து இன்றைக்கு வேலை நடக்கவேண்டும் என்பதிலிருந்து வந்தவை.

சரி, நான் எப்படி இவர்களிடம் வந்தேன் என்பதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, அறை நண்பன் ஒருவன் ஒரு சிடியைக் கொடுத்தான். 2003இல் வெளிவந்த ‘வொண்டர்ஃபுல் ரெயின்போ’. முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ சுவரை உடைப்பதுபோல் இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். அவன் விடவில்லை. கச்சேரிக்கு வா, அப்புறம் பேசு என்றான். போனேன். அன்று இரவு திரும்பி வந்து, காது ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கும்போதே, அதே சிடியை மிக மெதுவான சத்தத்தில் வைத்துக் கேட்டேன். அதில் மெட்டுகள் இருந்தன. சின்னக் குழந்தைகள் பாடும் பாட்டு மாதிரி எளிமையான, திரும்பத் திரும்ப வரும், துள்ளுகிற மெட்டுகள். அவற்றை முன்பு நான் கேட்டதே இல்லை. சுவரை உடைக்கும் சத்தத்துக்குள் ஒரு குழந்தை குதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த இசையில் கோபத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு முறைகூட அதில் பகை கேட்டதில்லை. இரண்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடும் குதூகலம்தான் கேட்கிறது. இருவர் மட்டும் வாசிக்கும்போது ஒளிந்துகொள்ள இடம் இல்லை. ஐந்து பேர் குழுவில் ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் மூடிவிடலாம். இங்கே ஒருவர் நின்றால் இசையில் பாதி காணாமல் போகும். அதனால் இவர் கையை அவரும், அவர் காலை இவரும் விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவு பெரிய ஓசைக்குள் அவ்வளவு கூர்மையான கவனிப்பு இருக்கிறது. மூன்று அடி தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன். கிப்சன் ஒரு துணுக்கை எட்டுத் தடவை சுற்றுகிறார், ஒன்பதாவதில் மாற்றப்போகிறார் என்பதை அவருடைய தோளிலிருந்தே சிப்பெண்டேல் படித்துவிடுகிறார். இருவரும் சேர்ந்து திரும்பும் அந்த வளைவில் முதுகில் சாய்ந்திருந்த கூட்டமும் சேர்ந்து திரும்பியது. எப்படித் தெரிந்தது அவர்களுக்கு? எனக்கு எப்படித் தெரிந்தது?

ஃபோர்ட் தண்டர் நிலைக்கவில்லை. அந்த இடத்தை வணிக வளாகமாக மாற்றுவதற்காகக் குடியிருந்தவர்களை 2001இல் வெளியேற்றினார்கள். 2002இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதே 2002இல் அங்கிருந்து கிளம்பிய ஃபோர்ஸ்ஃபீல்ட் என்ற கலைக்குழுவின் படைப்புகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற ஈராண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. 2006இல் அவர்கள் படித்த கல்லூரியின் அருங்காட்சியகமே ப்ராவிடென்ஸின் அந்தச் சுவரொட்டிகளைக் கண்காட்சியாக மாட்டியது. கலைக்கு மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் புகைப்படங்களில் உள்ள ஜன்னல்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அந்தக் கலையைப் பெற்றது மலிவான வாடகையும் உயரமான கூரையும், சத்தம் போட்டால் கேட்க ஆளில்லாத தெருவும்தான். அவற்றை எந்த அருங்காட்சியகத்திலும் மாட்ட முடியாது.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் எழுதியாகவேண்டும். தரை, நெரிசல், பழைய கட்டடம் என்று நான் கொண்டாடும் இதே விஷயங்களால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அதே ரோட் ஐலண்டில், வெஸ்ட் வாரிக்கில் இருந்த தி ஸ்டேஷன் என்ற இசையரங்கில், மேடையில் கொளுத்திய மத்தாப்பு சுவரிலிருந்த ஒலித்தடுப்பு நுரையில் பற்றியது. வாசலில் நெரிசலாகி 100 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாநிலம் தன் தீத்தடுப்புச் சட்டத்தையே மாற்றி எழுதியது. 2016 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் ஓக்லண்டில், கலைஞர்கள் குடியிருந்து இசை நிகழ்ச்சி நடத்திய கோஸ்ட் ஷிப் என்ற கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவில் எனக்கு ஃபோர்ட் தண்டர் சுவர்கள்தான் கண்ணுக்கு முன் வந்தன. துணி, காகிதம், மரம். அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதை நினைத்து நிம்மதி வந்தது. அதோடு பயமும் வந்தது. இப்போதெல்லாம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் இன்னொரு வாசல் எங்கே என்று பார்க்கிறேன். இசைமேல் அன்பு உள்ளவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டும். முதுகைக் கொடுத்துத் தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு, நெருப்பை முதுகால் தாங்க முடியாது.

காதைப் பற்றியும் அதே மாதிரி. அந்தக் கச்சேரிக்கு நான் காதடைப்பான் இல்லாமல் போனேன். இரண்டு நாள் காதில் ஒரு கம்பி இழுத்துக்கட்டியதுபோல் ஊ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிலிட ஆய்வு நிறுவனம் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு வரையறை வெளியிட்டது. உள்காதில் உள்ள மெல்லிய மயிரணுக்கள் ஒரு முறை செத்தால் திரும்ப முளைக்காது. எனக்கு அந்த ஓசை மூன்றாம் நாள் அடங்கியது என் அதிர்ஷ்டம். இப்படிப்பட்ட இசையைக் கேட்கப் போகும் ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சால் கேட்பதை அது குறைக்காது.

இத்தனை வருடங்களில் இருவரும் வேறு வேலைகளும் செய்திருக்கிறார்கள். அவற்றையும் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. கிப்சன் கிதார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டை உருவாக்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தில் ஓவியராக வேலை செய்தார். பிறகு மார்க் ஃப்ளூரியோடு சேர்ந்து 2016இல் ‘தம்பர்’ என்ற தாள விளையாட்டை வெளியிட்டார். ஓர் உலோக வண்டு இருட்டுக்குள் தண்டவாளத்தில் சறுக்கிக்கொண்டே போகும். தாளம் தவறினால் நொறுங்கும். அதை விளையாடியபோது என் உள்ளங்கை வியர்த்தது, அந்த இரும்புத் தண்டைப் பிடித்திருந்தபோது வியர்த்த மாதிரி.

சிப்பெண்டேல் காமிக்ஸ் வரைபவர். தொண்ணூறுகளில் ஒரு ஜப்பானிய புத்தகப் பட்டியலின் அச்சடித்த பக்கங்களின் மேலேயே ஒரு முழுக் கதையை வரைந்தார். அது 2007இல் ‘மேகட்ஸ்’ என்ற பெயரில் புத்தகமாக வந்தது. அதன் கட்டங்களை இடமிருந்து வலமாகப் படித்துப்போய், அடுத்த வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். ஏர் பூட்டிய மாடு சாலின் கடைசியில் திரும்பி வருவதுபோல. கண் எங்கேயும் தூக்கி வைக்கப்படுவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் டிரம்ஸ் வாசிப்பதும் அப்படித்தான், கோடு அறுந்துவிடக்கூடாது. ஐஸ்லாந்துப் பாடகி பியர்க் 2007இல் வெளியிட்ட ‘வோல்டா’ ஆல்பத்திலும் அவர் வாசித்திருக்கிறார். அந்த வருடம் ஜூலை 7 அன்று ஜப்பானின் போர்டம்ஸ் குழு புரூக்ளினில் 77 டிரம்ஸ் கலைஞர்களைச் சுருளாக உட்காரவைத்து நடத்திய கச்சேரியிலும் இருந்தார்.

முதல் ஆல்பம் 1999இல் வந்தபோது அதை வெளியிட்டது ப்ராவிடென்ஸின் லோட் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம். பல வருடங்கள் அங்கேயே இருந்தார்கள். 2015இல் த்ரில் ஜாக்கி நிறுவனம் வெளியிட்ட ‘ஃபேண்டஸி எம்பயர்’தான் முறையான ஸ்டூடியோத் தரத்தில் அவர்கள் பதிவுசெய்த முதல் ஆல்பம். பதிவு நடந்தது, அந்த முதல் பருத்தி ஆலை நின்ற அதே பாடக்கெட்டில். 2019இல் ‘சானிக் சிட்டடல்’ வந்தது. புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் ‘வொண்டர்ஃபுல் ரெயின்போ’வைத்தான் கொடுப்பேன், என்னைப் பிடித்தது அது என்பதால். ஆனால் தனித்தனியாக என்னென்ன நடக்கிறது என்று கேட்டறிய விரும்பினால் ‘ஃபேண்டஸி எம்பயர்’ நல்லது. அதில் கம்பியும் தோலும் பிரிந்து நிற்கின்றன.

பிற்காலத்தில் அவர்கள் மேடையிலும் வாசிக்கத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகிவிட்டது. தரையில் வாசித்தால் முதல் மூன்று வரிசைக்கு அப்பால் யாருக்கும் எதுவும் தெரியாது. பின்னால் நிற்பவருக்குத் தலைகளுக்கு மேலே எப்போதாவது ஒரு குச்சியின் நுனி தெரிந்தால் உண்டு. விழுகிற ஆட்களை வருடக்கணக்காகத் தாங்கிக்கொண்டு வாசிப்பது உடம்புக்கும் கருவிக்கும் எளிதல்ல. சில ரசிகர்கள் இதைச் சரணாகதி என்று பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது வருடமாக அந்த வேகத்தில் வாசிக்கும் இருவர் தங்கள் மூட்டுகளையும் கேட்பவர்களின் எலும்புகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைப்பதில் என்ன குறை இருக்கிறது? மேடைக் கச்சேரிகளின் பதிவுகளைப் பார்க்கிறேன். வாசிப்பில் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. கிப்சன் விரல்களையே பார்க்கிறார். முகமூடிக்குள்ளிருந்து அந்தத் தொலைதூரக் குரல் வருகிறது. இரும்புத் தடுப்பு தன் வேலையைச் செய்கிறது. முதல் வரிசையில் நிற்பவர்களின் கைகள் மட்டும் காலியாக இருக்கின்றன, மேலே தூக்கிக்கொள்கிறார்கள்.

அந்த இரவு எப்படி முடிந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இசை நின்றது என்பதைக் காது சொல்லவில்லை, முதுகுதான் சொன்னது. சாய்ந்திருந்த எடை ஒவ்வொருவராக விலகியது. கூட்டம் போனதும் நானும் பின்னால் விழப் பார்த்தேன். விளக்கு போட்டார்கள். தரையெல்லாம் வியர்வை, உடைந்த குச்சிச் சில்லுகள், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. டிரம்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது, தொடங்கும்போது இருந்ததைவிட ஒரு முழம் தள்ளி. அதைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

உயரமான அந்த ஆள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். திரும்பவும் சொன்னார். அப்புறம் என் வலது கையைக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். சிம்பலை ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் தண்டை நான் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றேன்.